செருப்பு ஒட்டுகிறவள்

அலுவிகாரைச் சந்தியிலிருந்து வீட்டுவாசல்வரை றஸ்மியா ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறாள். மற்றது எங்கே கழன்று விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. நாள் முழுக்கச் செருப்பு ஒட்டுகிறவளுக்கு இந்தக் கதி. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு குனிந்து வெறுங்காலைக் கிள்ளிப் பார்த்தாள், வலிக்கவில்லை.

கால் மரத்துப்போனால் அவள் குடும்பத்தில் அதற்கு ஒரே பெயர்தான், நீரிழிவு என்கிற சீனி வருத்தம். உம்மாவுக்கு முழங்காலோடு காலை எடுத்ததும் அதனால்தான். அன்றே சீனியை விட்டாள். பாகற்காயைப் பிழிந்து காலையில் மடக்கென்று விழுங்கினாள். மூன்று மாதம் நாக்கைக் கட்டிப்போட்டும் மரப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியதே தவிர இறங்கவில்லை. தொழுகைக்கு முன் வுழூச் செய்து கால் கழுவும்போது அதில் தண்ணீர் படுவது கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

வேலையை மட்டும் விடவில்லை. முதலாளி ரவூப் நானாவின் செருப்புப் பட்டறையில் ஆறு பெண்கள் தரையில் உட்கார்ந்து செருப்பின் அடிப்பாகத்துக்குப் பசை தடவுவார்கள். பசை இறுகினால் நீல இரும்புப் பரலிலிருந்து தின்னர் ஊற்றிக் கரைப்பார்கள். பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். கையில் பட்டால் ஐஸ் மாதிரி குளிர்ந்து, மூச்சு விடுவதற்குள் காய்ந்துவிடும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு உட்கார்ந்திருப்பவர்களின் மடியிலேயே தங்கும் என்று யாரும் சொன்னதில்லை. ஃபேன் போட்டால் ஒட்டுவதற்கு முன்பே பசை காய்ந்துபோகும், ஜன்னலைத் திறந்தாலும் அப்படித்தான் என்று இரண்டையும் நானா தடுத்திருந்தார். பரலில் நெருப்புப் படம் இருந்ததால் பக்கத்தில் சிகரட் பற்றவைக்க விடமாட்டார். அவருக்குத் தெரிந்த ஆபத்து அவ்வளவுதான். வேலை முடிந்து கைகழுவுவதும் அதே தின்னரில்.

கிளினிக்கில் இரத்தம் பார்த்த டொக்டர் சீனி இல்லை என்றார். "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் புருஷன் றினோஸ் முந்திக்கொண்டான். "வீட்லதான் சேர்."

பெண்சாதி பட்டறைக்குப் போவது அவன் அண்ணன் தம்பிமாருக்கே தெரியாது. தெரிந்தால் தலைகாட்ட முடியாதாம். றஸ்மியாவும் பேசாமல் இருந்தாள். சீனி இல்லை என்ற சந்தோஷத்தில் அவளுக்கு வேறெதுவும் பெரிதாகப் படவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே வந்து, அன்று பின்னேரம் பிளேன்டீயில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தாள். மறுநாள் பட்டறைக்குப் போனாள்.

ஏழு மாதத்தில் பசைத் தூரிகை விரலில் நிற்காமல் போனது. சுவரைப் பிடிக்காமல் எழும்ப முடியவில்லை. கண்டியில் நரம்பு டொக்டரிடம் அனுப்பினார்கள். அவர் நேர்ஸ் ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால் முழுக்கக் கரண்ட் வைத்துப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"வீட்லதான்" என்றான் றினோஸ்.

"செருப்பு ஒட்டுறேன் சேர்" என்றாள் றஸ்மியா. "ரெண்டு வருஷமா. பசையில தின்னர் ஊத்துவோம்."

டொக்டர் பேனையை வைத்தார். தின்னரில் ஹெக்ஸேன் என்று ஒன்று இருக்கும், பெற்றோலிலிருந்து எடுப்பது, நரம்பை அதுதான் தின்றிருக்கிறது என்றார். "மொதல்லயே சொல்லியிருந்தா நல்லாக்கியிருக்கலாம். இப்ப வேலைய விட்டாலும் இன்னும் சில மாசம் ஏறிக்கிட்டுதான் போகும்."

"அதுக்குப் பொறகு நடப்பேனா சேர்?"

"கொஞ்சம் கொறையலாம். பழையபடி நடப்பீங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அக்குறணை தாண்டியதும் றினோஸ் அவள் பக்கம் குனிந்தான். மெல்லக் கேட்டான். "அந்த நேர்ஸ் நம்ம ஊர்ப் புள்ள. அவ முன்னுக்கு ஏன் சொன்ன?"

றஸ்மியாவுக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. தன்மேல் அதைவிட வந்தது. முதல் தடவையும் அவளுக்கு வாய் இருந்ததே.

மாத்தளை ஸ்டாண்டில் பஸ் படியில் அவள் கால் நிற்கவில்லை. றினோஸ் அவளை இரண்டு கையாலும் தூக்கி, மெதுவாக இறக்கினான். கால் தரையைத் தொட்டுவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.