காலிக் கட்டம்

ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பிற்பகலில் ஆணி, ஒரே புத்தகத்தின் இரண்டு பதிப்புகளைக் கல்லாப்பெட்டிமேல் விரித்துவைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆணி என்பது இணையத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர். இரும்புச் சாமான் கடைக்காரருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? புத்தகங்களின் விவரங்களைத் திரட்டி வைக்கும் ஒரு தளம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அங்கே பைசா வாங்காமல் உழைக்கும் கூட்டத்தில் அவரும் ஒருவர். எந்தப் பதிப்பு, எத்தனை பக்கம், எழுதியவர் யார் என்று நிரப்பிக்கொண்டே இருப்பார். "வீட்டுல ஒரு பல்பு மாத்தச் சொன்னா மாசக்கணக்காகுது. ஊரான் புத்தகத்துக்குப் பக்கம் எண்ண மட்டும் கை துறுதுறுங்குது" என்பாள் மனைவி. அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. கடையிலும் அப்படித்தான். ஒரு டப்பா காலியானால் அடுத்த சரக்கு வரும்வரை அந்தத் தட்டின் பக்கமே திரும்பமாட்டார். புனைபெயரில் ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு எழுதியிருந்த பெண் ஒருத்தியின் பக்கத்தில் 'இயற்பெயர்' என்ற கட்டம் வெறுமையாகக் கிடந்து அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் பதிப்பை ஒரு பழைய புத்தகக் கடையில் அடிமாட்டு விலைக்குப் பேசி வாங்கியிருந்தார். அதில் 'உரிமை' என்ற இடத்தில் அவளுடைய உண்மையான பெயர் முழுசாக அச்சாகியிருந்தது. இரண்டாம் பதிப்பில் அதே இடத்தில் புனைபெயர் மட்டும். அச்சுக் கோத்தவன் அசந்துவிட்டான் என்று தானாகவே தீர்ப்பு எழுதி, முழுப் பெயரையும் தளத்தில் ஏற்றினார். ஆதாரத்துக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்தும் போட்டார்.

மறுநாளே 'வாசகன்' என்ற பெயரில் ஒரு செய்தி வந்தது. இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறவரை அந்த ஆள் பார்த்ததே இல்லையாம். ஆணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விலை கேட்பதற்கு முன்பே சரக்கைப் புகழ்கிறவன் கடன் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்பது அவருக்கு அரைக்கால் சட்டைக் காலத்திலேயே தெரியும். கல்லாவில் இருக்கிற புத்தி கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் எங்கே போய்த் தொலைகிறதோ. இந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று தெரிந்தால் பக்கம் முழுமையாகிவிடும் என்று வாசகன் முடித்திருந்தார். முழுமை என்ற சொல்லைக் கேட்டபின் ஆணி விடுவாரா? இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் தன்னிடம் தையல் கற்கும் பெண்களுக்கு அவள் நன்றி சொல்லியிருந்தாள். அடியில் ஊர்ப் பெயரும் இருந்தது. தொழில், ஊர் என்று இரண்டு கட்டங்களையும் நிரப்பினார். வாசகன் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவைத்தார்.

சில நாள் கழித்துக் கணக்கு டீச்சர் போன் செய்தார். அவரும் அந்தத் தளத்தில் உழைக்கிறவர்தான். மற்றவர்கள் ஏற்றியதைச் சரிபார்ப்பது அவர் வேலை. அந்த நேரம் பார்த்துக் கடையில் ஒருவன் பெயின்ட் டப்பா ஒன்றுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அந்த அம்மா பக்கத்துல என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஏன் டீச்சர், ஆதாரமெல்லாம் பக்காவா இருக்கே."

"ஆதாரத்தை உப்புல ஊறப் போடுங்க. கதைங்களைப் படிச்சீங்களா?"

ஆணி கதைகளைப் படித்திருக்கவில்லை. பக்கங்களை எண்ணியிருந்தார். அட்டையை அளந்திருந்தார்.

"எல்லாமே புருஷன்கிட்டேருந்து தப்பிச்சு வந்தவளோட கதைண்ணே. கடைசிக் கதையில அது தன் கதைதான்னே சொல்லியிருக்காங்க. ரெண்டாம் பதிப்புல பேரு விட்டுப்போகல. எடுத்திருக்காங்க. அந்தப் பேரை இதுவரைக்கும் இணையத்துல தேடினா ஒண்ணும் கிடைக்காது. இப்ப தேடினா நம்ம பக்கம்தான் மொதல்ல வந்து நிக்குது."

கடைக்கு வந்தவன் கேட்ட விலைக்கே டப்பாவை நகர்த்தினார் ஆணி. அவனுக்குச் சந்தேகம் வந்து, டப்பாவைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தான்.

"சரி, உங்களை ஆஹா ஓஹோன்னு புகழ்றானே, அந்த வாசகன் யாரு?"

"நம்மள மாதிரி ஒருத்தர்தான் டீச்சர்..."

"வேற எந்தப் புத்தகத்தையாவது அந்த ஆள் தொட்டிருக்கானான்னு பாருங்க."

பார்த்தார். தொட்டதே இல்லை. ஆணி அந்த இயற்பெயரை ஏற்றிய மறுநாள்தான் தளத்தில் வாசகனின் கணக்கே பிறந்திருந்தது.

டீச்சர் போனை வைத்ததும் பெயர், தொழில், ஊர் மூன்றையும் அழித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பதற்குள் மூன்றும் பழையபடி வந்து உட்கார்ந்திருந்தன. பக்கத்திலேயே வாசகனின் குறிப்பு: 'தகுந்த ஆதாரம் உள்ளது. நீக்க வேண்டாம்.' புதியவர்களை அதட்டும்போது ஆணி எழுதுகிற அதே வாக்கியம். மறுபடி அழித்தார். மறுபடி வந்தது. அழித்தாலும் பழைய வடிவங்கள் அத்தனையும் தளத்தின் அடியில் பத்திரமாக இருக்கும், எதுவுமே தொலையாது என்று அவரே பலரிடம் பீற்றிக்கொண்டதுண்டு. தளத்தை நடத்துகிற மேலிடத்தில் சொல்லி அவற்றையும் மறைக்க ஏற்பாடு செய்வதாக டீச்சர் சொல்லியிருந்தார். மேலிடம் எப்போது கண் விழிக்குமோ.

அந்த ஊரில் தையல் பள்ளி எங்கே என்று தேடினார். டீ ஆறுவதற்குள் தொலைபேசி எண் கிடைத்தது. தனக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது வாசகனுக்கும் கிடைத்திருக்கும் என்று உடனே எண்ணை அழுத்தினார்.

"அலோ, தையல் கிளாஸ்" என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கிளாஸ் எடுக்கற அம்மா இருக்காங்களாம்மா?"

"அக்காவா? உள்ள துணி வெட்டிட்டிருக்காங்க. சார், காலையில பேசினவர்தானே நீங்க? வழி கண்டுபிடிச்சுட்டீங்களா?"

ஆணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "எந்த வழி?"

"பஸ்ஸை விட்டு எறங்கி எப்படி வரணும்னு கேட்டீங்களே. அக்கா எழுதினதெல்லாம் படிச்சிருக்கேன், நேர்ல வந்து அசத்தணும், சொல்லிடாதேன்னீங்க. நான் மூச்சு விடலையே" என்று கிசுகிசுத்துச் சிரித்தாள்.

"அம்மாடி, அது நான் இல்ல. மொதல்ல கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடு. அப்புறம் அக்காவைக் கூப்பிடு."

"என்ன சார், விளையாடறீங்களா?"

"போம்மா! கதவு!"

போனை மேசைமேல் வைக்கும் சத்தம். "அக்கா, யாரோ ஒருத்தர் கதவைச் சாத்தச் சொல்றாருக்கா" என்று அவள் சிரிப்பு மாறாமல் சொல்வது தூரத்தில் கேட்டது. ஒரு மெஷின் நின்றது. பிறகு இன்னொன்று. கதவு சாத்துகிற சத்தம் வரவில்லை. வெளியே மரப்படியில் கனத்த செருப்புச் சத்தம், அவசரமே இல்லாமல், ஏறி வந்தது. ஆணி போனுக்குள் கத்தினார். எடுக்க ஆளில்லை. கத்தரிக்கோல் துணியைக் கடித்துக்கொண்டிருந்த ஓசை பாதியில் அறுந்தது. ஒரு மெஷின் மட்டும், எதையும் கவனிக்காத ஏதோ ஒரு பெண்ணின் காலடியில், நேர்கோட்டில் தைத்துக்கொண்டே போனது.