பதினோராவது நகர்த்தல்

ஆரம்பாக்கத்து பிரின்சிக்கும் பூமிகாவுக்கும் பள்ளிக்கூடம் கும்மிடிப்பூண்டியில். காலை ரயிலில் கம்பெனிக்குப் போகிறவர்களின் சாப்பாட்டுப் பைகளுக்கு நடுவே, மடியில் சின்னப் பலகையை விரித்துத் தினமும் செஸ் ஆடுவார்கள். ஆட்டத்தின் தொடக்கம் எப்போதும் ஒன்றேதான், இத்தாலியன் ஓப்பனிங். பத்தாவது நகர்த்தல் முடியவும் ஸ்டேஷன் வரவும் சரியாக இருக்கும். காய்களை அள்ளுவது பிரின்சியின் வேலை. முதலில் ராணியைத்தான் எடுப்பாள். ஒருமுறை அது சீட்டுக்கடியில் உருண்டு, பெட்டியே குனிந்து தேடியிருக்கிறது.

அப்படிப்பட்ட இரண்டு பேரையும் திருவள்ளூரில் மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்கள், கண்ணுகளா. பூமிகாவுக்கு மாநிலப் போட்டியில் இடம் உறுதி. பிரின்சி இதை ஜெயித்தால்தான் அவளும் போகலாம்.

"தோத்துடவாடி?" என்று காதோரம் கேட்டாள் பூமிகா.

"உட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சுது, உன்கூடப் பேசவே மாட்டேன்."

"சரி. அப்பறம் அழுதுகினு வராத."

பிரின்சிக்கு வெள்ளை. கைகள் மடமடவென்று நகர்ந்தன. இரண்டு நிமிடத்தில் பத்து நகர்த்தலும் முடிந்தது. உடனே பிரின்சியின் கை தானாக நீண்டு ராணியைத் தூக்கியது.

தூக்கிய பிறகுதான் உறைத்தது, இது ரயில் இல்லையென்று. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். குதிரையை அல்லவா நகர்த்த நினைத்திருந்தாள். எதையும் முகத்தில் காட்டாமல், ராணியைச் சாய்வாக ஒரு கட்டம் தள்ளி வைத்துக் கடிகாரத்தைத் தட்டினாள்.

பூமிகா பலகையைப் பார்த்தாள். பிரின்சியைப் பார்த்தாள். மறுபடி பலகையையே முறைத்தாள். அரைமணி நேரம் ஓடியது. 'இவ்வளவு நேரம் இதில் என்ன பார்க்கிறாள்?' என்று பிரின்சிக்குப் புரியவில்லை. கடைசியில் நேரம் தீரப்போகிற அவசரத்தில் பூமிகா ராஜாவைத் தவறான கட்டத்தில் வைக்க, பிரின்சியின் குதிரை ஒரே தாவலில் ராஜாவையும் யானையையும் சேர்த்துப் பிடித்தது. யானை போயிற்று, கொஞ்ச நேரத்தில் ஆட்டமும்.

குலுக்கிய கையை விடாமல் பிரின்சி கேட்டாள்: "வேணும்னு உட்டியா?"

"யாரு, நானா? அந்த ராணில இன்னா பொறி வெச்சினுகீறன்னு தேடியே என் டைம் பூட்ச்சு. எங்கடி கத்துக்கின அத?"

"கத்துக்கல. பைல போட எடுத்தேன்."

பூமிகா வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. பிரின்சிக்கும் தொற்றிக்கொண்டது. மற்ற ஆட்டங்கள் நடக்கின்றன என்று நடுவர் இருவரையும் வெளியே அனுப்பினார்.

வராந்தாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டே பூமிகா சொன்னாள்: "ஸ்டேட்டுல மாட்டுவ இல்ல, அங்க நீட்டு அந்தக் கைய. பாத்துக்கறேன்."