ஐம்பது பாதிப் படங்கள்

அம்மாவின் பழைய வீடியோ டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஊருக்கு ஒருவராய்ச் சிதறிக்கிடக்கும் குடும்பம் மொத்தமும் அவரவர் டிவியில் பார்க்கும்படி செய்துவிடுகிறேன் என்று தம்பி மார்தட்டினான். செய்தும் விட்டான். முதல் டேப்பைப் பார்த்த அப்பா, கொஞ்ச நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டு அக்காவிடம் கைகளால் சொன்னார்: “உங்கம்மா முணுமுணுக்கிறா. ஒண்ணும் புரியல.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அந்த வீட்டில் பேச்சென்றால் கைப்பேச்சுதான். அதில் அம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூடத்தின் அந்தக் கோடியில் நின்று திட்டினாலும் இந்தக் கோடிக்கு ஒரு சொல் சிந்தாமல் வந்து சேரும். அப்பேர்ப்பட்டவள் முணுமுணுத்தாளாம். அவள் போன பிறகு அவள் பேச்சு மிச்சமிருப்பது இந்த டேப்புகளில் மட்டும்தான். அதுவும் இப்படிக் கலங்கிப் போனால் அப்பாவுக்கு என்ன இருக்கிறது?

“படம் பளிச்சுனுதானேக்கா இருக்கு,” என்றான் தம்பி. “இருக்கறதுலயே புது ஃபார்மட். பெரிய டிவிக்குன்னு அளவையும் பெரிசாக்கியிருக்கேன். அப்பாவுக்குக் கண்ணு மங்குது, அவ்வளவுதான்.”

“கண்ணு இல்லீங்க,” என்றாள் அவன் மனைவி.

ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா. வீட்டில் தம்பி மனைவிக்கு இன்ஸ்பெக்டர் என்று பட்டப்பெயர். தேதி பார்க்காமல் ஒரு பால் பாக்கெட்டில்கூடக் கத்தரி வைக்கமாட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு கைப்பேச்சைக் கற்றுக்கொண்டவள், இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.

“எனக்கும் புரியல அண்ணி. நீங்க ரெண்டு பேரும் அத்தைகிட்டயே வளர்ந்தவங்க. விட்டுப்போன எடத்தை நீங்களே நிரப்பிக்கிறீங்க. எனக்கு நிரப்பத் தெரியாது. விரல் வேகமா போற எடத்துல பாருங்க, சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா இருக்கு.”

அக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். இருந்தது.

“அந்தக் கேமரா ஒரு கோடு விட்டு ஒரு கோடா, செகண்டுக்கு ஐம்பது பாதிப் படம் எடுத்திருக்கு. இவர் ரெண்டு ரெண்டா ஒட்டி இருபத்தஞ்சு ஆக்கிட்டார். ஒரு பாதிக்கும் அடுத்த பாதிக்கும் நடுவுல அத்தை விரல் நகர்ந்துடுது. ஐம்பதையும் தனித்தனிப் படமா விடணும்.”

“ஃபைல் குண்டாயிடும்டி. அப்பா வீட்டு நெட் தாங்காது,” என்றான் தம்பி.

“பெரிசாக்கினதை விட்டுடுங்க. டேப்புல இருந்த அளவே போதும். மாமாவுக்கு அத்தை தோட்டுல எத்தனை கல்லுன்னு தெரிய வேண்டாம். விரல் தெரிஞ்சா போதும்.”

அன்று முழுக்க அவள் அந்த வேலையை விடவில்லை. டேப்பிலிருந்து எடுத்த மூலப் பதிவில் கைவைக்கக் கூடாது என்று அதை இரண்டு டிஸ்க்குகளில் பத்திரப்படுத்தினாள். பார்ப்பதற்கு மட்டும் தனி நகல் போட்டாள். புது ஃபார்மட்டில் ஐம்பதையும் ஓட்ட அப்பாவின் டிவி திணறியது. எச்.264 என்ற பழைய ஃபார்மட்டுக்கு மாற்றியதும் வெண்ணெயாய் ஓடியது. ஒவ்வொரு நகலையும் அந்த டிவியிலேயே ஓட்டி, அம்மாவின் விரல்களை எழுத்துக்கூட்டிப் படித்து, ஒரு சொல் தட்டினாலும் மறுபடி உட்கார்ந்தாள். அக்கா அசந்துபோனாள். பெற்ற பிள்ளைகளுக்குக் கேட்கத் தோன்றாததை வந்தவள் விடாப்பிடியாகக் கேட்டாள். இவளை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் தம்பி செய்த ஒரே உருப்படியான காரியம் என்று அக்காவுக்குப் பட்டது.

அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

திரையில் அம்மா சமையலறை வாசலில் நின்று, அப்பா பிடித்திருந்த கேமராவைப் பார்த்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலும் தெரிந்தது.

“உங்க ரெண்டு கையும் கேமராவில மாட்டிக்கிச்சு. பதில் பேச முடியாதில்ல? இன்னிக்கு நான் மட்டும்தான் பேசுவேன். தலை நரைச்சும் நான் அழகாத்தான் இருக்கேன். இல்லன்னு சொல்லுங்க பாப்போம்.”

அப்பா படத்தை நிறுத்தினார். ரிமோட்டைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் தூக்கிப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.