தோலின் உட்பக்கம்

வயோமிங்கில் அந்த நாட்களில் துப்பறிவாளன் என்றால் மாட்டுக்காரனோடு மாட்டுக்காரனாகக் குதிரை ஏறி, அவன் வீட்டில் தின்று, பிறகு அவனை மாட்டுத் திருடன் என்று பெரிய பண்ணைக்கு எழுதிப்போடுகிறவன். அந்தத் தொழிலைத்தான் நான் செய்தேன்.

ஜனவரிப் பனியில் என் கால்விரல்கள் மரத்துப்போய் நான் விழுந்து கிடந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு போனவர் ஓரின் ப்ரூவிட். பதினான்கு மாடு வைத்திருந்த சின்ன ஆள். அவர் மனைவி ஏடா ஆறு வாரம் என் காலுக்கு மருந்து கட்டினாள். கறவை என்று அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு சிவப்புப் பசு. அதன் பாலில் பாதி என் வயிற்றுக்குப் போனது.

அந்தப் பசுவின் விலாவில், யார் மாடு என்று காட்டக் கட்டம் போட்ட சூடு. பெரிய பண்ணையின் சூடு ஒற்றைக் கோடு. அதோடு மூன்று கோடு சேர்த்து இழுத்தால் கட்டம் ஆகிவிடும், பண்ணை மாடு ஓரின் மாடாகிவிடும். இது எனக்கு உறைத்த நாளிலிருந்து பெருமையில் தலைகால் புரியவில்லை. கால் ஆறியதும் முதல் வேலையாகக் கடிதம் எழுதினேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிறோம் என்று ஒரு நிமிடம் கூடத் தோன்றவில்லை.

மே மாதம் ஓரின் வீட்டுக்கு ஐந்து பேராகப் போனோம். வழக்கமாக மாடு பிடிக்க ஒரு கயிறு தொங்கும் பண்ணை மேஸ்திரி ரஸ்க்கின் சேணத்தில் அன்று இரண்டு தொங்கின. மாடு திருடியவனுக்கு அங்கே கோர்ட்டு கிடையாது, ஓடைக்கரை மரம்தான்.

வெளியே வந்த ஓரின் எங்கள் கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். நான் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக நினைத்திருப்பார்.

"கால்வின் தம்பி, காலு தேவலையா? நல்லவேளை நீ வந்தே. என்னைப் பத்தி இவங்ககிட்ட நீயாச்சும் சொல்லு."

நான் குதிரையின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்றாக வாங்கித் தானே சூடு போட்டதாக ஓரின் சத்தியம் செய்தார். சத்தியம் வேண்டாம், தோல் சொல்லட்டும் என்றார் ரஸ்க். வெளியே தெரியாத திருட்டு, உரித்துத் திருப்பினால் தெரிந்துவிடும். பழைய சூடு உட்பக்கத்தில் தடித்துக் கிடக்கும், பிறகு சேர்த்தது மெலிதாக இருக்கும். அதன் கன்று பக்கத்தில் நிற்கும்போதே பசுவைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். உரித்த தோலைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

ஈரத்தோலில் விரலை ஓட்டினேன். நான்கு கோடும் ஒரே தடிப்பு. ஒரே நாளில் போட்டவை. மறுபடியும் ஓட்டினேன். அந்த இரண்டாவது தடவையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. ஒரு கோடாவது தடித்திருக்கக் கூடாதா என்றுதான் தேடினேன். அந்த மனிதர் தூக்கில் தொங்கினாலும் பரவாயில்லை, என் கடிதம் பொய்யாகக் கூடாது என்று என் புத்தி போயிற்று.

"ஒரே சூடுதான்" என்றேன். காதில் விழவில்லை என்றார் ரஸ்க். இன்னொரு முறை சொன்னேன்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. குதிரை ஏறும்போது ரஸ்க் என் பக்கம் குனிந்து, "உன் கடுதாசியை நம்பி வந்ததுல ஒருநாள் பொழப்பு போச்சு" என்றுவிட்டுப் போனார். ஓரின் அப்போது கன்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டடி தள்ளி நின்ற ஏடாவின் காதில் அது விழுந்தது.

ஓரின் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஐந்து பேரில் ஒருவன் உண்மை பேசினதால்தான் தன் உயிர் தங்கியது, சாகும்வரை மறக்கமாட்டேன் என்றார். வெயிலில் கறி கெட்டுவிடும், ஈரலை நீதான் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாக்கு எடுக்க உள்ளே போனார்.

"அக்கா, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டுச்சு" என்றாள் ஏடா. "அவர்கிட்ட சொல்லித் தொலைக்காதே. இந்த வட்டாரத்துல சிநேகிதன்னு அவர் நம்பியிருக்கறது உன்னை ஒருத்தனைத்தான். பசுவும் போச்சு. இதையும் பிடுங்கிட்டுப் போகாதே."

ஓரின் சாக்கோடு வந்து, ஈரலைத் தானே என் சேணத்தில் கட்டினார். கிறிஸ்துமஸுக்கு எங்கேயும் போகக் கூடாது, இங்கேதான் சாப்பாடு என்றார். ஏடா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வரேண்ணே" என்றேன்.