ராலி வரும்வரை பொறுத்த பிள்ளை

மடுல்சீமைத் தோட்டத்து விஜயலெட்சுமி தன் இரண்டாவது பிள்ளையை ஏறத்தாழ இரண்டு வருசம் வயிற்றிலேயே வைத்திருந்தாள். காரணம் வேறொன்றுமில்லை, ரோடு சரியில்லை. முதல் பிள்ளைக்கு வலி எடுத்தபோது அவளைத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் பின்னால், சாக்குகளுக்கு மேல் படுக்கவைத்துப் பதுளைக்கு இறக்கினார்கள். எட்டாம் முடக்கு வளைவின் மதகடியில் லொறி ஒரு குழியில் விழுந்து எழும்பியது. அந்தக் குழியில் தேங்கிய மழைத் தண்ணீரில் மீன் வளர்ந்தது என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் தூண்டில் போட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. பேச்சென்ன, உண்மைதான். லொறி எழும்பியபோது வயிற்றில் பிள்ளை அசைவதை நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்து, துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அதைப் புதைத்துவிட்டு வந்த அன்றே விஜயலெட்சுமி தன் புருசன் வீரசிங்கத்திடம் சொன்னாள்: "இனி ஒண்ணு உண்டானா, ரோடு நல்லாயிருந்தாத்தான் எறக்குவேன்." வயிற்றெரிச்சலில் வந்த வார்த்தை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த ரோடு வருசத்தில் ஒரு வாரம்தான் ரோடாக இருக்கும். ஆவணியில் கார் ராலி வரும். கிறவல் என்கிற சரளை ரோட்டில் ஓட்டக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் கார்கள் வருவதால், முந்தின வாரமே மண் அள்ளும் பெக்கோவும் ரோலரும் வந்து குழிகளை மூடி, புதுக் கிறவல் கொட்டி, முகம் மழித்த மாப்பிள்ளை மாதிரி ரோட்டை ஆக்கிவிட்டுப் போகும். ராலி முடிந்ததும் கார்கள் உழுத ரோடு முன்னிருந்ததைவிடக் கேவலமாகிவிடும். ஆகவே தோட்டத்துச் சனம் எல்லாவற்றையும் அந்த வாரத்துக்கு ஒத்திவைக்கப் பழகிக்கொண்டது. பல் பிடுங்குவது, கண் காட்டுவது, அலுமாரி வாங்குவது, கல்யாணப் பெண்ணை அனுப்புவது எல்லாம் ராலி வாரத்தில்தான். பொன்னையா என்பவர் சித்திரையில் வந்த பாரிசவாதத்தை ஆவணிவரைக்கும் இடது கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு வலது கையால் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினார். கணக்கில் ஒரு மரம் குறையவில்லை.

விஜயலெட்சுமிக்கும் ஆவணியில்தான் நாள். ஆனால் அது நாட்டில் பெற்றோல் இல்லாமற்போன வருசம். பெற்றோல் செட்டுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் அங்கேயே தாடி வளர்த்து, அங்கேயே நரைத்தார்கள். ராலி நடக்காது என்று அறிவித்துவிட்டார்கள். விஜயலெட்சுமி லயத்து வீட்டு வாசலில் நின்று அந்தச் செய்தியைக் கேட்டாள். வயிற்றைத் தடவி, "பொறு தாயி, அடுத்த வருசம்" என்றாள். பிள்ளை பொறுத்தது. மிட்வைஃப் அம்மா வந்து வந்து பார்த்தார், பிறகு வருவதை நிறுத்திவிட்டு வெறுந்தேத்தண்ணி குடிக்க மட்டும் வந்தார். இரண்டு தரம் அவரே லொறியைக் கூப்பிட்டனுப்பினார். லொறிச் சத்தம் கேட்டதும் பிள்ளை நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறி, தாய்க்கு மூச்சை அடைத்தது; லொறி திரும்பிப் போன பிறகுதான் இறங்கியது. தோட்ட ஆபீஸ் பிரசவ லீவை ஒரு தடவைக்குமேல் கொடுப்பதில்லை என்றது. பிள்ளை வெளியே வராததற்குத் தோட்டம் பொறுப்பாக முடியாதுதானே. அவள் விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனாள். முதுகில் கூடையும் முன்னால் பிள்ளையுமாக மலையேறி, மற்றவர்கள் எடுத்த அளவுக்குக் கொழுந்து எடுத்தாள். "முன்னுக்கு இருக்கிறதயும் சேத்து நிறுங்க கணக்கப்பிள்ள" என்று பக்கத்து நிரைப் பெரியாயி சொல்வாள். கணக்கப்பிள்ளை சிரிக்கமாட்டார்.

அடுத்த ஆவணியில் ராலி வந்தது. பந்தயத்துக்கு முந்தின நாட்களில் கார்கள் ரோட்டைப் பழகிப்பார்க்க ஓடும். விஜயலெட்சுமி வேலை விட்டதும் எட்டாம் முடக்கு மேட்டில் உட்கார்ந்தாள். எந்தக் கார் வென்றால் அவளுக்கென்ன. எது தன்னைக் குலுங்காமல் கொண்டுபோகும் என்பதுதான் அவள் பார்த்தது. கொழும்பு வெள்ளைக் கார் விலை கூடியது, ஒரு தோட்டத்தையே விற்றாலும் அதன் ஒரு பக்கக் கதவுதான் வாங்கலாம் என்றார்கள். அதன் டிரைவர் மதகை மதகாகவே மதிப்பதில்லை, மேலால் பறந்து அடுத்த பக்கத்தில் விழுவார். அது போகையில் பிள்ளை இரண்டு காலாலும் உதைத்தது. பண்டாரவளை ஸஹாப்தீன் முதலாளியின் மகன் றிஸ்னியின் சிவப்புக் கார், முடக்குகளில் பின்பக்கத்தை வீசித் திரும்பும். பெடியன்கள் அதற்கு விசிலடித்தார்கள். அது போகையில் பிள்ளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தாய் வாந்தியெடுத்தாள். மூன்றாவதாக வந்தது பதுளை பஜாரில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் நஸீரின் பழைய லான்சர். இருபது வருசமாக ஓடுகிறார், ஒரு கோப்பையும் இல்லை. பக்கத்தில் இருந்து முடக்கும் மதகும் வருவதைச் சொல்லிக் குறிப்பு வாசிப்பவர் அவருடைய பொஞ்சாதி ஸித்தி ஸுபைதா. அவர் வாசிக்கிற குறிப்பில் பாதி ஏச்சு. மதகு கண்டால் நஸீர் காலைத் தளர்த்துவார், அதனால்தான் தோற்கிறார் என்று ரோட்டோரத்து நிபுணர்கள் சொன்னார்கள். அந்தக் கார் போகையில் பிள்ளை அசையவில்லை. தூங்கிவிட்டது.

இது தெரிந்ததும் சனம் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் வயிற்றைப் பார்த்தது. ஒவ்வொரு காருக்கும் எத்தனை உதை என்று பந்தயம் பிடித்தார்கள். கண்டியிலிருந்து வந்த ஒருவர் வயிற்றைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட, பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள். வீரசிங்கம் மட்டும் நஸீரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டான். நஸீர் உடனே ஒத்துக்கொண்டார். இப்போதே வேண்டுமானாலும் என்றார். வீரசிங்கம்தான், பந்தயத்துக்கு வந்த காரை அதற்கு முன்னால் அசிங்கப்படுத்தக் கூடாது, ராலி முடியட்டும், இரண்டு வருசம் பொறுத்தவள் இரண்டு நாள் பொறுக்கமாட்டாளா என்று சொல்லிவிட்டு வந்தான். விஜயலெட்சுமிக்கும் அது சரியாகத்தான் பட்டது. தள்ளிவைப்பதில் அந்தத் தோட்டத்தில் யாருக்கும் பயமில்லை.

பந்தயத்தன்று வெள்ளைக் கார் மூன்றாம் முடக்கில் பறந்தது, இறங்க ரோடில்லாமல் தேயிலைக்குள் இறங்கியது. சிவப்புக் காரின் ஒரு சக்கரம் கழன்று, தானே உருண்டு ஐந்து மலை தாண்டி மாரியம்மன் கோயிலைச் சுற்றிவந்து விழுந்தது. பூசாரி அதற்கும் விபூதி பூசினார். ஆக, மதகுக்கு மதகு காலைத் தளர்த்திய நஸீர் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். அந்தக் காரின் சத்தத்தை மேட்டில் இருந்தபடியே பிள்ளை கேட்டது. தனக்கான வண்டி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அது இறங்கத் தொடங்கியது. நாளை என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. ரோட்டோரத்தில் தடுப்புக்குக் கட்டியிருந்த நாடாவுக்குக் கீழால் விஜயலெட்சுமி குனிந்து, விசிலடித்த காவற்காரனைத் தள்ளிவிட்டு, நடு ரோட்டில் நின்றாள்.

"நிப்பாட்டுங்க" என்றார் ஸுபைதா.

"நாங்க முன்னுக்கு ஈக்கிறோம் ஸுபைதா. இருவது வருசத்துல மொதல் தடவ."

"நிக்கிறது புள்ளத்தாச்சி. மேலால போகப்போறீங்களா?"

நஸீர் நிறுத்தினார். ஸுபைதா தன் ஆசனத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் இரும்புக் குழாய்களுக்கும் ஸ்பெயார் சக்கரத்துக்கும் நடுவில் மடங்கி உட்கார்ந்து, அங்கிருந்தே குறிப்பை வாசித்தார். "குலுங்குமா மொதலாளி?" என்று விஜயலெட்சுமி கேட்டாள். குலுங்காது என்று நஸீர் சொன்னார், சொன்னபடியே செய்தார். எட்டாம் முடக்கு மதகுக்குப் பிறகு கார் தரையில் படவில்லை. ஒரு சாண் உயரம் என்று சிலர் சொல்கிறார்கள். பெரியாயி ஒரு முழம் என்கிறாள். முழம் என்றே வைத்துக்கொள்வோம், குறைத்துச் சொல்லி யாருக்கு லாபம். பசறைக் கடைத்தெருவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் காருக்குக் கீழால் எதிர்ப்பக்கத்து நாயைப் பார்த்தார்கள். விஜயலெட்சுமியின் தலையில் வைத்த பூ ஓர் இதழ்கூட உதிராமல் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இரண்டு வருசப் பிள்ளை, பிறக்கும் அளவில் இருக்கவில்லை. பல் இருந்தது, தோள்வரை முடி இருந்தது. அது வந்த வழியைத் தைத்து முடிக்க ஆஸ்பத்திரியில் இருந்த நூல் போதவில்லை. பெண்பிள்ளை. அழவில்லை. தாயின் முகத்தைத் தேடிப் பார்த்து, "வந்துட்டமாம்மா?" என்று கேட்டது.

"வந்துட்டோம் தாயி" என்றாள் விஜயலெட்சுமி. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. விடியமுன் அவள் மேல் துணியை இழுத்து மூடினார்கள்.

ராலிக்காரர்கள் எட்டாம் முடக்கில் குனிந்து பார்த்தார்கள். மதகுக்கு அந்தப் பக்கம் லான்சரின் டயர் அடையாளம் இல்லை. ரோட்டைத் தொடாத கார் ரோட்டில் ஓடியதாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பாகி, கோப்பை கண்டிக்காரர் ஒருவருக்குப் போனது. நஸீர் கடையைத் திறக்கப் போய்விட்டார். ஸுபைதாதான் குறிப்பைக் கிழித்துப் போட்டார். விஜயலெட்சுமியின் பெட்டி தோட்டத்துக்குத் திரும்பி வரும்போது ரோடு உழுது முடிந்திருந்தது. வாகனம் ஏறாது என்று அடிவாரத்திலேயே இறக்கிவிட்டார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி மேலே கொண்டுவந்தார்கள். எட்டாம் முடக்குக் குழியில் அதற்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. பிள்ளையை வீரசிங்கம் தூக்கிக்கொண்டு நடந்தான். இறக்கி விடும்படி அது சொன்னது, இறங்கித் தானே நடந்தது.

இந்த வருசம் மழையால் ராலி தையிலோ மாசியிலோதான் என்று அறிவித்திருக்கிறார்கள். கீழ் லயத்தில் நான்கு பேர், மேல் லயத்தில் மூன்று பேர் பிள்ளையை இறக்காமல் காத்திருக்கிறார்கள். விஜயலெட்சுமிக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும், பெட்டியோடு நடந்தவர்கள்தான். ரோட்டையும் அவர்களுக்குத் தெரியும். மிட்வைஃப் அம்மா வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். பஜாரில் அகலப் பாவாடை தனியாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். ஏழு பேரும் நேரத்துக்குப் பெரட்டுக்கு வருகிறார்கள், கொழுந்து குறையவில்லை என்று ஆபீசில் திருப்தி.