ஏலவார்குழலி பிடித்த கயிறு

இடுப்பில் செருகியிருந்த போன் சைரன் போலக் கூவியது. மனிதர்கள் கூப்பிட்டால் வேறு சத்தம். இது பூமிக்கு மேலே சுற்றும் தொலைநோக்கி கூப்பிடுவது.

ஏலவார்குழலியின் இரண்டு கைகளிலும் கயிறு. கயிற்றின் மறுமுனையில், தறியில் ஏற்றுவதற்காகத் தெரு நீளத்துக்கு இழை இழையாக விரித்த அரக்குச் சிவப்புப் பட்டுப் பாவு. கயிற்றைக் கட்டும் முளைக்குச்சி ஆடிவிட்டது, அடித்து இறுக்க வேண்டும் என்று அப்பா பரமசிவம் கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

“கெட்டியா புட்ச்சுக்கோம்மா. வுட்டுட்டினா மொத்தமும் சிக்காயிடும்.”

“வானத்தையே பாத்துக்கினு இருக்கிற பொண்ணு, கயித்தப் பாக்குமாப்பா?” என்றார் பக்கத்து வீட்டுச் சபாபதி. அப்பா சிரிக்கவில்லை. குழலி பிடியை இறுக்கினாள்.

எங்கோ ஒரு நட்சத்திரம் சாகும்போது காமாக் கதிர்கள் வெடித்துக் கிளம்பும். தொலைநோக்கி அதைப் பிடித்து அளந்து செய்தி அனுப்பும். செய்தி நிஜம்தானா என்று பார்த்துச் சொல்வது இந்த வாரம் குழலியின் வேலை. அவள் சொன்னால்தான் இந்நேரம் இரவாக இருக்கும் வேறு நாட்டில் மலைமேல் உள்ள பெரிய தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பும். தாமதித்தால் பின்னால் வரும் ஒளி மங்கிக்கொண்டே போகும்.

நேற்று முழுக்கச் சூரியன்தான் பொங்கிப் பொங்கிப் பொய்யாகக் கூவ வைத்தது. இதுவும் சூரியன்தான் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். பார்க்காமலே. சபாபதியிடம் ‘ஒரு நிமிஷம் புடிங்க’ என்றிருக்கலாம். வாய் வரவில்லை.

முளை இறுகியபோது சைரன் ஓய்ந்திருந்தது. அடுத்து வந்தது கூட வேலை பார்க்கும் சரத்குமாரின் அழைப்பு. அவள் எடுக்காவிட்டால் மணி அவனுக்குப் போகும்.

“நிஜ வெடிப்பு, குழலி. பெருசு. நான் குளிச்சுட்டு வந்து பாக்கறதுக்குள்ள ஆரம்ப வெளிச்சம் போயிடுச்சு. என்னாச்சு, உங்க ஊர்ல நெட் இல்லியா?”

சாக்கை அவனே நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

“ஆமா சரத். சுத்தமா இல்ல.”

அப்பா பாவின் மேல் குனிந்து நடந்தார். விரல்கள் இழைகளைத் தடவிக்கொண்டே போயின. “ஒண்ணுகூட அறுந்து போவல. எம் பொண்ணு கைய வுடல பாரு,” என்றார் சபாபதியிடம். குழலிக்கு உள்ளங்கை எரிந்தது.

வெயில் ஏறுமுன் பாவைச் சுருட்ட வேண்டும். அப்பா அந்தக் கோடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வருவார். இந்தக் கோடியில் குழலி கயிற்றைத் தளரவிடாமல் பிடித்திருக்க வேண்டும். முதல் சுற்று விழுந்தபோது போன் அடித்தது. தேவிப்ரியா. ஆராய்ச்சி மாணவி. இப்படி ஒரு வெடிப்பின் ஆரம்ப வெளிச்சத்துக்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தவள். குழலி ஒரு கையால் எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

“அக்கா, சரத் சார் சொன்னார். நீங்க மனசுல வச்சுக்காதீங்க.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “நெட் போனா நீங்க என்னக்கா பண்ணுவீங்க? அடுத்தது வராமலா போயிடும்?”

அழுதிருக்கிறாள். அழுது முடித்துக் குழலிக்கு ஆறுதல் சொல்லக் கூப்பிட்டிருக்கிறாள்.

“ம்,” என்றாள் குழலி. வேறு எதுவும் வாயில் வருவதற்குள் தேவிப்ரியா வைத்துவிட்டாள்.

அப்பா பாதித் தெரு வந்திருந்தார். அவர் முகத்தில் காலையிலிருந்து போகாத அந்தப் பெருமை.

“சபாபதி மாமா, இத கொஞ்சம் புடிங்க.”

“இன்னாம்மா, அதுக்குள்ள கை வலியா?”

கயிறு கை மாறியபோது பாவு ஒரு முறை தொய்ந்து, நடுங்கி, மறுபடி நிமிர்ந்தது. அப்பா சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். கயிறு பதிந்து சிவந்திருந்த கையில் போன். அந்தப் பக்கம் தேவிப்ரியாவுக்கு மணி போய்க்கொண்டிருந்தது.