கூட வந்தவள்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "உள்ள போனதும் நீ வாயே திறக்கக் கூடாது. என்ன கேட்டாலும் நான் பாத்துக்கறேன்." அவள் தலையாட்டி வைத்தாள். நாற்பத்தோரு வருடமாக ஆட்டிப் பழகிய தலை, அதற்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காப்பீட்டு அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறினார். தெம்பாக இருப்பதை மேலே யாராவது பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு. நேற்றே தலைக்கு மை அடித்தாகிவிட்டது. முதல் திருப்பத்தில், சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்கிற சாக்கில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்ற அறிவிப்பு அது. அவளும் பக்கத்தில் நின்று அதைப் பொறுமையாக இரண்டு முறை படித்தாள்.

இத்தனை கூத்துக்கும் காரணம் உண்டு. மூன்று வருடம் முன்பு தனியார் கம்பெனி ஏஜெண்ட் ஒருவன் வீட்டுக்கு வந்து வாய் நிறையச் சிரித்துப் பேசினான். இவரும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அவன் பேனாவை மூடிக்கொண்டு போனவன்தான், திரும்பி வரவில்லை. இப்போது அரசாங்கக் காப்பீட்டில் சேரும் வயது வந்திருந்தது. விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள், விட்டால் அடுத்த வருடம்தான். இந்தத் தடவை உண்மை பேசி ஏமாற அவர் தயாராக இல்லை.

உதவி மேஜையில் இருந்த பெண்ணுக்கு அவர்கள் மகள் வயதிருக்கும். மேஜையில் ஒரு டப்பா நிறையப் படிக்கிற கண்ணாடிகள். மறந்துவிட்டு வருகிறவர்களுக்காக அவளே வாங்கி வைத்ததாம். "எடுத்துக்கோங்க ஐயா" என்று நீட்டினாள்.

"எனக்கெதுக்கு? கண்ணு பளிச்சுன்னு தெரியும்" என்றார் அவர், விண்ணப்பத்தைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தபடி.

அந்தப் பெண் அவசரப்படாமல் விளக்கினாள். "ஆஸ்பத்திரியில படுத்தா ஆகற செலவுக்குத் தனியா எதுவும் கட்ட வேண்டாம். சம்பளத்துல பிடிச்சதே போதும். டாக்டரைப் பாக்க மாசாமாசம் ஒரு தொகை. மாத்திரைப் பகுதி தனி. வேணும்னா சேரலாம், ஆனா இப்ப விட்டுட்டு அப்புறம் சேர்ந்தா கட்டணம் கூடிடும், அந்தக் கூடுதலைக் கடைசி வரைக்கும் கட்டணும். நீங்க என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"மாத்திரையா, நானா? தினம் ஒரு மணி நேரம் நடக்கறேன்மா." நடப்பது உண்மைதான். டாக்டர் மிரட்டியதால் நடக்கிறார் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

"நோய் இருந்தாலும் சேத்துப்போம் ஐயா. எது உங்களுக்குக் கட்டுப்படியாகும்னு பாக்கத்தான் கேக்கறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று மின்விசிறியைப் பார்த்து முணுமுணுத்தவர், "மாத்திரைப் பகுதி வேண்டாம்னு போட்டுடுங்க" என்றார். ஓய்வூதியத்தில் பாதியை அவருடைய ஐந்து மாத்திரைகளே விழுங்கிக்கொண்டிருந்தன. மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு?"

"அவ சும்மா கூட வந்தவ. வேலைக்குப் போனதில்லை, அவளுக்கு இதெல்லாம் கிடையாதே."

"யார் சொன்னா? நீங்க கட்டின வருஷங்களை வச்சே அவங்களும் சேரலாம். அறுபத்தஞ்சு ஆயிடுச்சா?"

"போன மாசம்" என்ற குரல் கேட்டது. தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

"அப்ப இன்னிக்கே எழுதிடலாம். நீங்க ஏதாவது மாத்திரை..."

"அவளா!" அவர் குறுக்கே புகுந்தார். இப்போது நடிப்பு இல்லை, பெருமை மட்டும்தான். "ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லைம்மா. அவ இரும்பு."

அவர் அதை அவ்வளவு நம்பிச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிவிட்டது. தனக்குத்தான் காப்பீடு கிடையாதே, அவரையும் ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று சொல்லாமலே இருந்துவிட்டாள். அவருடையதை வாங்கியது போக மிஞ்சியதில் தன்னுடையதை வாங்கி, கத்தரிக்கோலால் பாதி பாதியாக வெட்டிப் பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். பட்டன் டப்பாவை எந்தப் புருஷன் திறந்து பார்க்கிறான்?

அவள் கைப்பையைத் திறந்தாள். முதலில் அவருடைய ஐந்து மாத்திரை அட்டைகள் வந்தன. அவர் எங்கே போனாலும் அவள் எடுத்துப் போகிறவை. "ஏய்" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் அவற்றை மேஜையில் வரிசையாக அடுக்கினாள். பிறகு பையின் அடியிலிருந்து டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, ஓரமாக வைத்தாள்.

"அது அவரோடது. இது என்னோடது. பாதியாத்தான் சாப்பிடறேன். முழுசா சாப்பிட எவ்வளவு ஆகும்னு பாத்துச் சொல்லும்மா."

அந்தப் பெண் இன்னொரு விண்ணப்பத்தை எடுத்து முதலாவதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் மாத்திரைப் பகுதிக்கான கட்டம் காலியாக இருந்தது.

அவர் பட்டன் டப்பாவைக் கையில் எடுத்தார். வெள்ளைப் பாதிகளுக்கு அடியில், பாதி காலியான ஒரு அட்டை கிடந்தது. அதை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பிறகு படிக்கிற கண்ணாடிகள் இருந்த டப்பாவுக்குள் கைவிட்டு ஒன்றை மாட்டிக்கொண்டார். சரிப்படவில்லை, கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அவர் உதடுகள் அந்த மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தன. காதோரத்தில் தலைமுடி மை வியர்வையோடு சேர்ந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.